குறட்டை நின்றால் விழித்துக்கொள்வோம்

ஸ்கார்பரோ, டொராண்டோ
28-10-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அத்தானுக்கு எப்படி இருக்கிறது என்று இதில் கேட்கவில்லை. நீ காலையில் அனுப்பும் இரண்டு வரியிலேயே அது தெரிந்துவிடுகிறது. எழுதப்போகும் விஷயத்தைப் போனிலும் பேசியிருக்கலாம். ஆனால் நீ எப்போதும் அவர் பக்கத்தில்தான் இருக்கிறாய், அவர் காதில் விழாமல் உன்னிடம் ஒரு வார்த்தை பேச முடியாது. குரல்வளையை எடுத்ததில் போனது குரல் மட்டும்தான். காது இன்னும் சென்ட்ரி டியூட்டியில்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பழைய பட்டாளத் தோழர்கள் நாங்கள் நான்கு பேரும் வீடியோவில் கூடி அத்தானைக் கேலி செய்துகொண்டிருந்தபோது, அவருக்கு இருமல் வந்து, கழுத்துத் துளையில் சளி அடைத்து, நீ உள்ளேயிருந்து ஓடிவந்து போனைக் கவிழ்த்து வைத்தாய். படம் மறைந்த பிறகும் உன் குரல் எங்களுக்குக் கேட்டது. "மூச்சு முட்டுகிற மனுஷனைப் பார்த்து எப்படிடா சிரிக்க முடிகிறது உங்களால்?" என்று கேட்டாய். நால்வரும் பதில் சொல்லாமல் ஒவ்வொருவராக இணைப்பைத் துண்டித்துக்கொண்டோம். நோய் நுரையீரலுக்குப் பரவியிருக்கும் ஒருவரை அவ்வளவு நேரம் சிரிக்க வைத்தது எங்கள் தவறு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் சிரித்ததற்காக மன்னிப்புக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. மகளும் மருமகனும் வேலைக்குப் போன பிறகு வீட்டில் நானும் ஹீட்டரும்தான். வருகிற வெள்ளிக்கிழமை முதல் சட்டையின் இடது மார்பில் சிவப்புப் பாப்பிப் பூவைக் குத்திக்கொண்டு நடமாடுவார்கள். 1918இல் முதல் உலகப் போர் நின்ற நேரத்தை நினைத்து, நவம்பர் 11 அன்று காலை 11 மணிக்கு இரண்டு நிமிடம் மௌனம் காப்பார்கள். அந்த இரண்டு நிமிடம் போக மீதி நேரத்தில் இந்த ஊர்ப் பழைய சிப்பாய்கள் என்ன செய்கிறார்கள் என்பதை எதிர்வீட்டுக்காரர் தயவால் பார்த்தேன்.

அவர் சைப்ரஸில் ஐ.நா. அமைதிப் படையில் இருந்தவர். இங்கே சன்னிபுரூக் மருத்துவமனையில் முன்னாள் படைவீரர்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அங்கே, கொரியப் போருக்குப் போய்வந்து, இப்போது தொண்ணூறைத் தாண்டி, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருக்கும் ஒரு பெரியவரை வியாழக்கிழமைதோறும் போய்ப் பார்ப்பார். ஒருமுறை என்னையும் அழைத்துப் போனார். 'உடம்பு எப்படி இருக்கிறது' என்று ஒரு வார்த்தை கேட்பாரென்று பார்த்தால், எதிரி ஊர்ந்து வருகிறான் என்று நினைத்துக் காயப்போட்டிருந்த தன் கால்சட்டையையே இருட்டில் சுட்டுத் தள்ளிய வீரர் இவர்தான் என்று அறிமுகப்படுத்தினார். அவர்கள் பேசிய ஆங்கிலத்தில் பாதி எனக்குப் புரியவில்லை, ஆனால் எங்கே சிரிக்க வேண்டும் என்பது மட்டும் ஒரு இடத்திலும் தப்பவில்லை. கதை முடிந்ததும் பெரியவர் குழாயை விலக்கிக்கொண்டு, சுட்டது ஒரு கால்சட்டை அல்ல, இரண்டு என்று திருத்தினார்.

நம் வீட்டுக்கு வருகிறவர்களை நினைத்துப் பார். எல்லாரும் அத்தானின் கழுத்தைப் பார்த்தே பேசுகிறார்கள். சாப்பாடு இறங்குகிறதா, வலி இருக்கிறதா, டாக்டர் எத்தனை நாள் சொன்னார் என்று அவர் எதிரிலேயே உன்னிடம் கேட்கிறார்கள். எங்களுக்கு அவர் இன்னும் 1983இன் உஸ்தாத், பயிற்சி கொடுக்கும் வாத்தியார். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையத்தில் நான் ரெக்ரூட்டாகச் சேர்ந்தபோது, அவர் இங்கே "சாவ்தான்" என்று கத்தினால் பக்கத்து மைதானத்தில் நிற்கும் கம்பெனியும் விறைத்து நிற்கும். உனக்கு இந்த மாப்பிள்ளையை நான் சொன்னபோது அம்மா கேட்ட ஒரே கேள்வி, "ரொம்பச் சத்தம் போடுவாரோ?" என்பதுதான். அப்போது நான் பொய் சொன்னேன்.

தபால்காரர் கதை அங்கேதான் நடந்தது. மைதானத்து ஓரமாகச் சைக்கிளில் போன தபால்காரர், அத்தான் எங்களுக்குக் கொடுத்த "தம்" (நில்) என்ற கட்டளையைக் கேட்டு பிரேக் போட்டு நின்றுவிட்டார். நான் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான். எங்கள் சமையற்கூடத்தைப் பார்த்துக்கொண்ட லாங்கர் கமாண்டர் சொல்லும்போது தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி அட்டென்ஷனில் நிற்பார். வயர்லெஸ்காரர் சொல்லும்போது சல்யூட்டும் அடிப்பார். எங்கள் நர்சிங் அசிஸ்டென்ட் அப்போது வெலிங்டனிலேயே இல்லை, ஆனாலும் அவர்தான் அதை எல்லாரையும்விட நன்றாகச் சொல்கிறார்.

1991இல் சியாச்சினில் அந்தக் குரலுக்குத் தடை விழுந்தது. பனிச்சரிவு வந்துவிடும், வாயைத் திறக்கவே கூடாது என்று கம்பெனியில் எல்லாரும் அவரை மிரட்டி வைத்திருந்தோம். ஆறடி தள்ளி நிற்பவனிடம் அவர் சைகையில் நெருப்புப்பெட்டி கேட்பார். மனிதக் குரலுக்குப் பனிச்சரிவைக் கிளப்பும் வலுவே கிடையாது என்று போன வருஷம் இந்நாட்டின் மேற்கு மலைப்பக்கம் போனபோது ஒரு வழிகாட்டி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை இதைச் சொன்னதும் அத்தான் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! அத்தனை மாதம் வாயைக் கட்டிக்கொண்டது வீண் என்று தெரிந்து, சத்தமே இல்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். இருமல் அங்கேதான் ஆரம்பித்தது.

இனிச் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. அத்தானும் சொல்லியிருக்க மாட்டார்.

எங்கள் போஸ்ட் 18,000 அடிக்கு மேல். ஃபைபர் குடிலுக்குள் புகாரி என்கிற மண்ணெண்ணெய்க் கணப்பு எரியும். காலையில் துப்பினால் எச்சில் கறுப்பாக வரும். 1984இல் நம் படை ஏறியதிலிருந்து அங்கே குண்டுபட்டு இறந்தவர்களைவிடக் குளிராலும் உயரத்தாலும் பனிச்சரிவாலும் இறந்தவர்களே அதிகம். பொழுது சாயும்போது நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவனுக்கு இரவில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். விடிந்து ஹெலிகாப்டர் வருவதற்குள் முடிந்துவிடலாம். அந்த உயரத்தில் தூங்குகிறவனுக்கு மூச்சு சில விநாடி நிற்கும், பிறகு இழுத்துக்கொண்டு வரும். அத்தான் குறட்டை விடும்வரை நாங்கள் நிம்மதியாகத் தூங்குவோம். குறட்டை நின்றால் உடனே நான்கு பேருக்கும் விழிப்பு வந்துவிடும். இருட்டில் படுத்தபடியே எண்ணுவோம். பத்துக்கு மேல் போனால் பக்கத்தில் இருப்பவன் ஸ்லீப்பிங் பேக்கோடு சேர்த்து ஓர் உதை விடுவான். அவர் எழுந்து, பனிச்சரிவையும் மறந்து, "உயிரோடுதான் இருக்கேன், படுங்கடா!" என்று கத்துவார். ஒரே இரவில் மூன்று தடவை கூட உதைத்திருக்கிறோம். ஒரு நாளும் அவர் எங்களை ஏன் எழுப்பினீர்கள் என்று கேட்டதில்லை.

நீயும் இப்போது இரவில் அவர் கழுத்துத் துளையிலிருந்து வரும் மூச்சைக் கேட்டபடியே படுத்திருப்பதாக உன் மகன் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை இருமல் வந்ததும் நாங்கள் நால்வரும் வாயடைத்துப் போனோம். நர்சிங் அசிஸ்டென்ட், "உஸ்தாத், உஸ்தாத்" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். அத்தான் இருமிக்கொண்டே தலைமாட்டிலிருந்த சிலேட்டை எடுத்து, கை நடுங்க எழுதி, போனுக்கு நேரே பிடித்தார். அதில் "உயிரோடுதான் இருக்கேன், படுங்கடா" என்று இருந்தது. அதைப் படித்துத்தான் நாங்கள் அப்படிச் சிரித்தோம். உள்ளேயிருந்து நீ கேட்டது அந்தச் சிரிப்பை. நீ வருவதற்குள் சிலேட்டு கீழே விழுந்துவிட்டது. லாங்கர் கமாண்டர் சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தார். அதையும் நீ பார்க்கவில்லை.

நவம்பர் 2ஆம் தேதி இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைக்கிறார்கள். உங்களுக்கு மாலை நாலரை மணி என்பதை மாற்ற வேண்டாம், நான் காலை ஆறு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். அரை மணி நேரத்துக்கு மேல் போகாது. அவர் தோள் குலுங்க ஆரம்பித்ததும் நிறுத்திவிடுவோம் என்று நால்வரும் பேசிக்கொண்டிருக்கிறோம். சளி உறிஞ்சும் கருவியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு நீயும் பக்கத்தில் உட்கார். போனைச் சற்றுத் தள்ளி, சிலேட்டும் தெரியும்படி வை. தபால்காரர் சல்யூட் அடித்தாரா இல்லையா என்பதை இந்த முறை அத்தானே எழுதிக்காட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். வயர்லெஸ்காரர் பக்கம் சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் தம்பி