தானமாக வரும் இயந்திரமும் ஊரில் கிடைக்காத வாஷரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பர்மாவில் நம் மக்கள் வாழும் சிற்றூர்களுக்கு வெளிநாட்டுத் தமிழ் அன்பர்கள் சூரிய மின்சாரப் பம்புகளும் குடிநீர் வடிகட்டிகளும் வழங்கியது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கொடுத்தவர்களின் நல்ல மனத்தில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் அக்கட்டுரை, பொருள் ஊர் வந்து சேர்ந்த நாளோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கருவி பழுதுபட்டால் யார் கழற்றிப் பார்ப்பது, உதிரிப்பாகம் எந்தக் கடையில் கிடைக்கும், அதற்கான காசை யார் தருவது என்ற கேள்விகள் அந்த நாளுக்குப் பிறகுதான் எழுகின்றன. இவற்றுக்கு விடை இல்லாத கருவியை, அது எவ்வளவு விலை உயர்ந்ததாயினும், ஏழை ஊருக்கு ஏற்ற தொழில்நுட்பம் என்று என்னால் ஏற்க இயலவில்லை.

2008 மே மாதம் நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவைச் சூறையாடி, 1,30,000 பேருக்கு மேல் இறந்தும் காணாமலும் போனபோது, கடல்நீர் புகுந்து குடிநீர்க் குளங்களும் உப்பாகிப்போயின. அதன் பிறகு உதவியாக வந்த பொருள்களில் மண் வடிகட்டியும் ஒன்று. களிமண்ணோடு உமித்தூளோ மரத்தூளோ கலந்து, பானை வடிவில் அழுத்திச் சூளையில் சுடும்போது தூள் எரிந்துபோய், கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் எஞ்சுகின்றன. அதன்மேல், கிருமிகளைக் கொல்லும் கூழ்ம வெள்ளி (நீரில் மிதக்கும் மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள்) பூசப்படுகிறது. இந்தக் கலத்தைக் குழாய் பொருத்திய வாளிக்குள் வைத்து நீர் ஊற்றினால், ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு லிட்டர் நீர் வாளிக்குள் இறங்கும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகளைத் தடுப்பதற்கு இது நல்ல சாதனம் என்பதில் ஐயமில்லை. ஆனால் உப்பையோ ஆர்செனிக் என்ற நச்சுப் பொருளையோ இது நீக்குவதில்லை. டெல்டாவின் குழாய்க் கிணறுகள் சிலவற்றில் ஆர்செனிக் இருப்பது தெரிந்த செய்தியாகையால், நீரைச் சோதிக்காமல் வடிகட்டி கொடுப்பது மக்களுக்குப் பொய்யான நம்பிக்கையைக் கொடுப்பதாகும்.

பெகு பக்கத்து ஊர் ஒன்றில், இப்படிக் கொடுக்கப்பட்ட வடிகட்டிகளில் பல இன்று அரிசி வைக்கும் வாளிகளாக இருப்பதைக் கண்டேன். ஒரு வீட்டில் உள்ளே இருந்த மண்கலம் கழுவும்போது விரிசல் விட்டிருந்தது. இன்னொரு வீட்டில் வாளியின் அடியில் இருந்த பிளாஸ்டிக் குழாய் உடைந்து, அந்தத் துளையில் துணியைத் திணித்திருந்தார்கள். மாற்றுக் கலமோ மாற்றுக் குழாயோ அவ்வூர்ச் சந்தையில் இல்லை, எங்கே கிடைக்கும் என்று சொல்வாரும் இல்லை. அந்த வீட்டுப் பெண்களிடம் கவனக்குறைவு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சுடுமண் என்றேனும் உடையும். உடைந்தால் சட்டி பானை வாங்குவதுபோல அதையும் வாங்க வழி இருந்திருக்க வேண்டும். ரங்கூனுக்கு ஆற்றைக் கடந்தால் துவாண்டே. தலைமுறை தலைமுறையாகக் குயவுத்தொழில் நடக்கும் ஊர். களிமண்ணும் சூளையும் கைத்திறனும் இவ்வளவு அருகில் இருக்கும் நாட்டில் மாற்றுக் கலம் கிடைக்கவில்லை என்பதே எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

இந்தப் பாடத்தை நம் தமிழ்நாட்டு மண்ணே முன்னர்க் கற்றிருக்கிறது. 1960களின் இறுதியில் இந்தியாவில் வறட்சிக்கு விடையாக ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டபோது அவற்றின்மேல் பொருத்தப்பட்ட வார்ப்பிரும்புக் கைப்பம்புகள், மேலை நாட்டில் ஒரு குடும்பத்தின் தேவைக்காக அமைந்தவற்றைப் பார்த்துச் செய்யப்பட்டவை. நாள் முழுதும் ஊரே வரிசையில் நின்று அடித்ததும் அவை தாங்காமல் போயின. மகாராட்டிரத்துச் சோலாப்பூரில் உருவான பம்பை அடிப்படையாக வைத்து, யுனிசெப்பின் துணையோடு 1970களில் உருவாகிக் கோயம்புத்தூர்ப் பகுதிக் கிணறுகளில் சோதிக்கப்பட்ட இந்தியா மார்க் 2 பம்பு அந்தக் குறையைத் தீர்த்தது. ஆயினும் உள்ளே நீர் கசியாமல் அடைத்துத் தேய்ந்துபோகும் ஒரு சிறு வளையமான வாஷரை மாற்றுவதற்குக் கிணற்றுக்குள் இறங்கிய குழாய் முழுவதையும் மேலே இழுக்க வேண்டியிருந்தது. அதற்குக் குழாயைத் தூக்கும் முக்காலியும் பிடிகளும் பயிற்சி பெற்ற ஆட்களும் ஏற்றிய வண்டி வர வேண்டும். அது வரும்வரை ஊர் காத்திருக்க வேண்டும். பின்னர் வந்த மார்க் 3 பம்பில், குழாயை அகலமாக்கி, பிஸ்டனையும் அடிவால்வையும் குழாயின் வழியே மேலே எடுக்கும்படி செய்தார்கள். தோல் வாஷருக்குப் பதிலாக நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் வாஷர் போட்டபோது அது நெடுநாள் உழைத்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு பம்புகளும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மார்க் 3-ஐச் சில கருவிகளைக் கொண்டு ஊராரே பழுதுபார்க்கலாம் என்பதால், பம்பு ஊருடையதாகிவிடுகிறது. ஏற்ற தொழில்நுட்பம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இந்தச் சிந்தனைக்கும் பர்மாவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஷூமாக்கர் என்ற பொருளியல் அறிஞர் 1955-இல் பர்மாவின் அன்றைய பிரதமர் ஊ நூவின் அரசுக்கு ஆலோசகராக ரங்கூனுக்கு வந்தவர். ஏழை நாட்டின் தேவை பெருமூலதன இயந்திரமும் அன்று, உற்பத்தி குறைந்த பழைய கருவியும் அன்று. இரண்டுக்கும் இடைப்பட்டதாய், அந்த ஊர் மக்களே வாங்கவும் இயக்கவும் கூடியது என்ற கருத்தைப் பின்னாளில் உலகறியச் செய்தவர் அவரே. அப்படிப்பட்டவர் நடந்த மண்ணில் நாம் இன்னும் இயந்திரத்தை இறக்கி வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறோம்.

மிதி பம்பைப் பாருங்கள். வங்கதேசத்தில் 1980-ஐ ஒட்டி நார்வே நாட்டுப் பொறியாளர் ஒருவர் வடிவமைத்தது; இரண்டு உருளைகள், இரண்டு மூங்கில் மிதிகள், ரப்பர் வால்வுகள், அவ்வளவுதான். ஏறத்தாழ ஏழு மீட்டர் ஆழத்துக்குள் நீர் இருந்தால் கால் வலுவாலேயே ஏறிவிடும். ஊர்ப் பட்டறைகள் செய்தன, கடைகள் விற்றன, கிணற்றுக் கொத்தர்கள் பொருத்திக் கொடுத்தார்கள்; அதனால்தான் அந்நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவை பரவின. பர்மாவிலும் 2004-இல் தொடங்கப்பட்ட ப்ராக்சிமிட்டி டிசைன்ஸ் நிறுவனம் இத்தகைய பம்புகளை இலவசமாகக் கொடுக்காமல் விலைக்கே விற்றது. தோள்தண்டின் இருபுறமும் பூவாளி மாட்டிக் காலையும் மாலையும் காய்கறிப் பாத்திக்கு நீர் சுமக்கும் ஒரு பெண், தன் காசைக் கொடுத்து வாங்கும்போது விற்றவரிடம் குறை சொல்லும் உரிமை அவளுக்கு வந்துவிடுகிறது. தானம் பெற்றவர் குறை சொல்லக் கூசுகிறார். என் கருத்தில் இலவசத்தின் பெரிய கேடு இந்தக் கூச்சந்தான். மிகவும் வறியோர்க்கு விலையைக் குறைக்கலாம், தவணை தரலாம்; அதை நான் மறுக்கவில்லை.

மலிவானதெல்லாம் ஏற்றதென்றும் சொல்லக்கூடாது. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அதை எரிவாயுவாக்கி ஆலைகளும் ஊர்விளக்கும் ஓடுவது இந்நாட்டில் காணும் காட்சி, போற்றத்தக்கதும் கூட. ஆனால் வாயுவைக் கழுவிய தார் கலந்த கரிய நீர் வாய்க்காலில் விடப்பட்டால், கீழேயுள்ள ஊரின் குளத்துக்கு யார் பொறுப்பு? சூரிய விளக்குகளின் பேட்டரியும் அப்படியே. காய்ச்சி வடித்த நீரை ஊற்றாமலும், அடிமட்டம் வரை மின்சாரத்தை இழுத்தும் பயன்படுத்தினால் ஓரிரு ஆண்டில் செத்துவிடுகிறது. அதன் ஈயமும் அமிலமும் பழைய இரும்புக்காரரின் கொல்லையில் போய்ச் சேர்கின்றன.

எனவே நம் தமிழ்ச் சங்கங்களுக்கும் கோயில் அறங்காவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பத்துப் பம்பு வாங்கும் பணத்தில் ஏழு வாங்குங்கள். மீதிப் பணத்தை உதிரிப்பாகப் பெட்டிக்கும், ஒவ்வோர் ஊரிலும் இருவருக்குப் பயிற்சிக்கும் ஒதுக்குங்கள். அந்த இருவரில் ஒருவராவது, வேலை தேடி ஊரைவிட்டுப் போகும் நிலையில் இல்லாத குடும்பப் பெண்ணாக இருக்கட்டும். நீர் நின்றால் முதலில் அல்லல்படுவது அவர்தான். கொடையாளர் பெயரைக் கல்லில் பொறிப்பதில் எனக்கு மறுப்பில்லை, அதன் கீழே பழுதுபார்ப்பவரின் பெயரும் வாஷரின் அளவும் இருக்கட்டும்.

தங்கள் இதழுக்கும் ஒன்று. அடுத்த முறை வழங்கும் விழாவைப் பற்றி எழுதும்போது, சென்ற ஆண்டு வழங்கியவற்றில் எவை ஓடுகின்றன, எவை நின்றன, நின்றவை எதனால் நின்றன என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். சிரியம், பெகு, மோல்மேன் பக்கத்து ஊர்களில் நேரில் விசாரித்து எழுதி அனுப்ப எங்கள் பகுதி இளைஞர்கள் ஆயத்தமாக உள்ளனர். எந்த விவரங்கள் தேவை என்று தாங்கள் தெரிவித்தால் போதும்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகர்,
சிரியம், பர்மா.