திரு. ரைன்ஸ்டார்ஃப் அவர்களுக்கு: 121 தோல்விகளுக்குப் பிறகு ஒரு ரசிகனின் கடிதம்

மதிப்பிற்குரிய திரு. ஜெரி ரைன்ஸ்டார்ஃப் அவர்களுக்கு,

வணக்கம். 2024ஆம் ஆண்டின் கடைசி ஆட்டம் முடிந்ததும் சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகர்களுக்கு நீங்கள் எழுதிய கடிதத்தைப் படித்தேன். களத்தில் நம் அணி எல்லா வகையிலும் தோற்றுவிட்டது என்றும், அதன் பொறுப்பு உங்களுடையது என்றும், சாக்குப்போக்கு எதுவும் இல்லை என்றும் அதில் ஒப்புக்கொண்டிருந்தீர்கள். 1981இலிருந்து இந்த அணியை உரிமையாளராக நடத்திவரும் ஒருவர், 88 வயதில் இப்படி எழுதியதை நான் மதிக்கிறேன். ஆனால் பொறுப்பேற்கிறேன் என்று சொல்பவர், எந்த முடிவுகளுக்குப் பொறுப்பேற்கிறார் என்பதையும் சொன்னால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு. உங்கள் கடிதத்தில் எனக்கு அது கிடைக்கவில்லை. அதைக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

41 வெற்றி, 121 தோல்வி. 1901இல் தொடங்கும் நவீன பேஸ்பால் வரலாற்றில் ஒரே ஆண்டில் இத்தனை ஆட்டங்களை வேறு எந்த அணியும் தோற்றதில்லை. 1962இல் 120 ஆட்டங்களில் தோற்ற நியூயார்க் மெட்ஸுடன் நம்மை ஒப்பிட்டு எல்லோரும் எழுதிவிட்டார்கள். அந்த ஒப்பீடு மெட்ஸுக்குச் செய்யும் அநியாயம் என்பது என் கருத்து. மெட்ஸ் அந்த ஆண்டுதான் பிறந்த அணி. மற்ற அணிகள் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்த வீரர்களைக் கொண்டு அவசரமாகச் சேர்க்கப்பட்ட அணி. நாமோ 1906, 1917, 2005 ஆகிய ஆண்டுகளில் பேஸ்பாலின் உச்சப் பட்டமான உலகத் தொடரை வென்றவர்கள். இவ்வளவு ஏன், 2021இல் 93 ஆட்டங்களை வென்று அமெரிக்கன் லீகில் நாம் ஆடும் ஐந்து அணிகள் கொண்ட மத்தியப் பிரிவில் முதலிடம் பிடித்தவர்கள். அங்கிருந்து 81 வெற்றி, பிறகு 61, இப்போது 41 என்று, கடைசி இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு இருபது வெற்றி கணக்காகக் கீழே இறங்கியிருக்கிறோம்.

துரதிர்ஷ்டம் எதுவும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நம் முக்கிய வீரர்களான லூயிஸ் ராபர்ட்டும் யோவான் மொங்காடாவும் ஏப்ரல் மாதத்திலேயே காயமடைந்தார்கள். மே 23 அன்று பால்டிமோருக்கு எதிராக நடந்ததை எந்த ரசிகனும் மறக்கப்போவதில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸில் நாம் விரட்டிவந்து 8-6 என்று நெருங்கியிருந்தோம். ஒருவர்தான் அவுட், இரண்டு பேர் பேஸில் நிற்கிறார்கள். பெனின்டெண்டி அடித்த பந்து உள்களத்துக்கு மேலேயே உயர்ந்து நின்றது. இன்ஃபீல்ட் ஃப்ளை என்று அறிவிக்கப்பட்டதால், பந்து கைக்கு வந்தாலும் வராவிட்டாலும் அடித்தவர் அவுட். இரண்டாம் பேஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஆண்ட்ரூ வான், பந்தைப் பிடிக்க வந்த குன்னர் ஹெண்டர்சனுக்கு இடையூறு செய்ததாகக் கூறி அவரையும் அவுட் என்றார் நடுவர். ஹெண்டர்சன் அந்தப் பந்தைச் சிரமமின்றிப் பிடித்திருந்தார். மூன்று அவுட்டும் ஆகிவிட்டதால் ஆட்டம் அத்தோடு முடிந்தது. களத்தில் நின்ற நம் வீரர்களுக்கே என்ன நடந்தது என்று புரியச் சற்று நேரமாயிற்று.

அந்த ஆட்டத்தை நமக்கே கொடுத்துவிடலாம். அதுபோல இன்னும் பத்து ஆட்டங்களையும் கொடுத்துவிடலாம். அப்போதும் நமக்கு 110 தோல்விகள் இருக்கும். ஆண்டு முழுவதும் நாம் எடுத்தது 507 ரன், கொடுத்தது 813 ரன். ஓர் அணி ஓர் ஆட்டத்தில் நான்கைந்து ரன் எடுப்பதே வழக்கமாக உள்ள விளையாட்டில், ஆட்டத்துக்கு ஏறக்குறைய இரண்டு ரன் வீதம் 162 ஆட்டங்களுக்குப் பின்தங்கியிருப்பதை அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுத முடியாது.

பயிற்சியாளரின் கணக்கிலும் எழுத முடியாது. ஜூலை 10இல் தொடங்கிய 21 தொடர் தோல்விகள் ஆகஸ்ட் 6 அன்று ஓக்லாந்தில்தான் முடிவுக்கு வந்தன. இரண்டு நாள் கழித்துப் பெட்ரோ கிரிஃபோல் நீக்கப்பட்டார். அவருடைய தலைமையில் 28 வெற்றி, 89 தோல்வி. அவருக்குப் பின் வந்த கிரேடி சைஸ்மோரின் தலைமையில் 13 வெற்றி, 32 தோல்வி. கிரிஃபோலை நான் ஆதரித்தவன் அல்லன். அவர் போக வேண்டியவர்தான். ஆனால் ஆளை மாற்றியும் தோல்வியின் வேகம் பெரிதாகக் குறையவில்லை என்றால், கோளாறு அதற்கும் மேலே இருக்கிறது என்றுதானே பொருள்?

இங்கேதான் நம் பிரிவிலேயே இருக்கும் கேன்சஸ் சிட்டி ராயல்ஸை நீங்கள் ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 2023இல் நாம் 101 ஆட்டங்களில் தோற்றோம். அவர்கள் 106 ஆட்டங்களில் தோற்றார்கள். அதாவது நம்மைவிட மோசமான நிலையில் இருந்தார்கள். பெரிய லீகின் மிகச் சிறிய சந்தைகளில் ஒன்று அவர்களுடைய ஊர். நம்முடையது அமெரிக்காவின் மூன்றாவது பெரிய நகரம். அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் செய்தது என்ன? செத் லூகோவுக்கு நாலரைக் கோடி டாலர், மைக்கேல் வாக்காவுக்கு மூன்று கோடியே இருபது லட்சம் என்று வெளியிலிருந்து வந்த வீரர்களுக்கு மொத்தம் பத்துக் கோடி டாலருக்கும் மேல் ஒப்பந்தம் கொடுத்தார்கள். தாங்களே வளர்த்த பாபி விட்டுக்கு 11 ஆண்டுகளுக்கு 28 கோடியே 87 லட்சம் டாலர் கொடுத்துத் தங்களிடமே நிறுத்திக்கொண்டார்கள். புதிய மைதானத்துக்காக அவர்கள் கேட்ட விற்பனை வரியை ஏப்ரலில் ஜாக்சன் கவுண்டி வாக்காளர்கள் நிராகரித்தார்கள். அதற்காக அணி தளர்ந்துவிடவில்லை. 86 ஆட்டங்களை வென்று, சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றுக்குப் போனார்கள். நம்மோடு மோதிய 13 ஆட்டங்களில் 12ஐ வென்றார்கள்.

அதே குளிர்காலத்தில் நாம் பந்துவீச்சாளர் டிலன் சீஸைக் கைமாற்றிவிட்டு, மற்ற அணிகளில் இடம் கிடைக்காத மூத்த வீரர்களைக் குறைந்த விலைக்கு அழைத்து வந்தோம். பந்துவீச்சாளர் எரிக் ஃபெடியைக் கொரியாவிலிருந்து கொண்டுவந்தது மட்டும் அருமையான முடிவு. அதற்காக நம் பொது மேலாளர் கிறிஸ் கெட்ஸை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஃபெடியையும் ஜூலையில் அனுப்பிவிட்டோம். நம் அணியின் வரலாற்றிலேயே மிகப் பெரிய ஒப்பந்தம் பெனின்டெண்டிக்குக் கொடுத்த ஏழரைக் கோடி டாலர்தான். சிகாகோ போன்ற ஊரில், நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் ஒரே உரிமையாளரின் கீழ் இருக்கும் அணிக்கு, இதுதான் உச்சவரம்பு என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பணம் மட்டுமே பேசுகிறது என்றும் நான் வாதிடவில்லை. கிளீவ்லாந்து கார்டியன்ஸ் நம்மைவிடத் தாராளமாகச் செலவழிக்கும் அணி அல்ல. ஆனால் அவர்கள் இளம் பந்துவீச்சாளர்களை வளர்த்தெடுக்கும் விதத்தை நாடே பார்த்துக் கற்றுக்கொள்கிறது. இந்த ஆண்டு 92 ஆட்டங்களை வென்று நம் பிரிவில் முதலிடம் அவர்களுக்குத்தான். செலவழிக்கிறவர்களும் முன்னேறினார்கள், செதுக்குகிறவர்களும் முன்னேறினார்கள். நம் பிரிவின் ஐந்து அணிகளில் நான்கு, தோற்றதைவிட அதிகமாக வென்றன. இரண்டு வழிகளில் ஒன்றையும் முழுமனதோடு எடுக்காத ஒரே அணி நாம்.

2020இன் இறுதியில், பிளேஆஃபுக்குப் போன அணியின் பயிற்சியாளரை அனுப்பிவிட்டு, பழைய நட்பின் பேரில் டோனி லா ரூஸாவை நீங்களே அழைத்து வந்தீர்கள். அவருடைய சாதனைகளைக் குறைத்துப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் அன்றைக்கு உலகத்தில் உள்ள எல்லோரையும் நேர்காணல் செய்து, இந்த இளம் அணிக்கு யார் பொருத்தம் என்று தேடியிருக்க வேண்டும். 2023இல் அணி நிர்வாகத்தை நடத்திய ரிக் ஹானையும் கென்னி வில்லியம்ஸையும் நீக்கியபோதும், வெளியில் தேடாமல் நிறுவனத்துக்குள் இருந்த கெட்ஸையே சில நாட்களில் நியமித்தீர்கள். பொறுப்பேற்பதாக நீங்கள் எழுதியபோது இந்த முடிவுகளைத்தான் நினைத்தீர்களா என்று அறிய விரும்புகிறேன்.

கேரட் குரோஷேவைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஆண்டைப் பேச முடியாது. முதல் நாள் ஆட்டத்தில் டெட்ராய்ட்டுக்கு எதிராக ஆறு இன்னிங்ஸ் வீசி, எட்டுப் பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்து, அதாவது பந்தை அடிக்கவிடாமலே அவுட்டாக்கி, ஒரே ஒரு ரன்னை விட்டுக்கொடுத்தார். 1-0 என்று தோற்றோம். அன்றைக்கே ஆண்டின் கதை எழுதப்பட்டுவிட்டது. முழுநேரத் தொடக்கப் பந்துவீச்சாளராக இதுவே அவருக்கு முதல் ஆண்டு. 146 இன்னிங்ஸில் 209 ஸ்ட்ரைக்அவுட் என்பதை எந்த அணியின் ரசிகரும் எழுந்து நின்று பாராட்டுவார். அவருடைய கையைக் காப்பதற்காக ஆண்டின் பிற்பகுதியில் நான்கு இன்னிங்ஸோடு நிறுத்தியது சரியான முடிவு. ஆனால் அவர் வெளியேறிய பிறகு மீதி ஐந்து இன்னிங்ஸைத் தாங்க ஆளில்லாமல் ஆட்டம் கைநழுவுவதைப் பார்க்கப் பார்க்க மனம் நொந்துபோனது. அத்தனை சிறப்பாக வீசியவரின் பெயரில் ஆறு வெற்றி, பன்னிரண்டு தோல்வி.

செப்டம்பர் 24 அன்று நானும் மைதானத்தில் இருந்தேன். 120 தோல்விகளோடு ஊர் திரும்பிய அணி, 121ஆவது தோல்விக்கு மிக அருகில் நின்ற இரவு அது. எட்டாவது இன்னிங்ஸ் வரை ஏஞ்சல்ஸ் 2-0 என்று முன்னிலையில் இருந்தார்கள். அணியை விற்றுவிடு என்ற முழக்கம் மேல்தள இருக்கைகளிலிருந்து எழுந்து கீழ்வரிசைகளுக்கும் பரவியது. உங்கள் காதுக்கும் எட்டியிருக்கும். பிறகு பெனின்டெண்டியின் அடியில் நாம் 3-2 என்று முந்தியபோது, முழக்கமிட்ட அதே மனிதர்கள் முன்பின் தெரியாதவர்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அடுத்த இரண்டு ஆட்டங்களையும் வென்றோம். இந்த ரசிகர்கள் தோல்வியைக் கண்டு ஓடுகிறவர்கள் அல்லர். தங்களைப் போலவே அணியின் மேலிடத்துக்கும் தோல்வி வலிக்கிறதா என்ற சந்தேகம்தான் அவர்களை அப்படிக் கத்த வைத்தது.

121ஆவது தோல்வி செப்டம்பர் 27 அன்று டெட்ராய்ட்டில் வந்தது. அதே ஆட்டத்தில் டெட்ராய்ட் டைகர்ஸ் பத்தாண்டுகளுக்குப் பிறகு பிளேஆஃப் இடத்தை உறுதிசெய்துகொண்டார்கள். இந்த டைகர்ஸ்தான் 2003இல் 119 ஆட்டங்களில் தோற்றவர்கள். அந்தப் படுதோல்வி முடிந்த கையோடு இவான் ரோட்ரிகஸை ஒப்பந்தம் செய்தார்கள். 2004 வீரர் தேர்வில் பந்துவீச்சாளர் ஜஸ்டின் வெர்லேண்டரை எடுத்தார்கள். அடுத்த ஆண்டு நம்மிடமிருந்து விடுபட்ட மாக்லியோ ஓர்டோன்யெஸுக்குப் பெரிய ஒப்பந்தம் கொடுத்தார்கள். மூன்றே ஆண்டுகளில், 2006இல், அந்த ஓர்டோன்யெஸ் அடித்த ஹோம் ரன்தான் அவர்களை உலகத் தொடருக்கு அழைத்துச் சென்றது. எனவே, பத்தாண்டு பொறுத்திருங்கள் என்று எங்களிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

புதிய மைதானம் பற்றியும் ஒரு வார்த்தை. ஆற்றங்கரையில் உள்ள 78 என்னும் இடத்தில் புதிய மைதானம் கட்ட, ஏறக்குறைய நூறு கோடி டாலர் பொதுப்பணம் நாடப்படுவதாகச் செய்திகள் வந்தன. 1988இல் அணி ஃபுளோரிடாவுக்குப் போய்விடும் என்ற அச்சத்தில்தான் இலினாய் சட்டமன்றம் நள்ளிரவில் இப்போதைய மைதானத்துக்கு நிதி ஒதுக்கியது. அதன் குத்தகை 2029 வரை இருக்கிறது. 35ஆம் தெருவில் ரெட் லைன் ரயிலைவிட்டு இறங்கினால் வதக்கிய வெங்காயத்தின் வாசனை வரவேற்கும் அந்த மைதானத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. 121 தோல்விக்குப் பிறகு மக்களிடம் கட்டடத்துக்குப் பணம் கேட்பது முறையல்ல. முதலில் அணியைக் கட்டுங்கள்.

அடுத்த பயிற்சியாளரை இம்முறையாவது நிறுவனத்துக்கு வெளியே தேடுங்கள். தேடும் முழு உரிமையைக் கெட்ஸிடம் விட்டுவிடுங்கள். குரோஷேவுக்கு நீண்டகால ஒப்பந்தம் ஒன்றை மேசையில் வையுங்கள். அவர் மறுத்துவிட்டால் மட்டுமே கைமாற்றுவதைப் பற்றிப் பேசுங்கள். அப்போதும், உடனே களமிறங்கத் தயாராக இருக்கும் இளைஞர்களுக்குக் குறைவாக எதையும் ஏற்காதீர்கள். லத்தீன் அமெரிக்க நாடுகளில் இளம் வீரர்களைத் தேடுவதற்கும், தரவுகளை ஆராயும் பிரிவுக்கும் எவ்வளவு செலவிடப் போகிறீர்கள் என்பதை, பிப்ரவரியில் அரிசோனாவின் கிளெண்டேலில் பயிற்சி முகாம் தொடங்குவதற்குள் வெளிப்படையாக அறிவியுங்கள்.

அணியை விற்கவும் நீங்கள் தயாராக இருப்பதாக இம்மாதம் செய்திகள் வந்துள்ளன. வாங்க முனைவோர் அதை நாஷ்வில்லுக்குக் கொண்டுபோகக்கூடும் என்ற பேச்சும் கூடவே வந்தது. மேற்சொன்னவற்றைச் செய்ய உங்களுக்கு மனமில்லை என்றால், விற்பதை நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் வாங்குபவர் யாராக இருந்தாலும், இந்த அணி சிகாகோவின் தென்பகுதியிலேயே ஆட வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதி, அதை எங்களுக்கும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
மேல்தள வரிசையிலிருந்து ஒரு ஒயிட் சாக்ஸ் ரசிகன்
சிகாகோ, அக்டோபர் 2024