நீலப் பேனாவை எடுத்து வை

அன்புள்ள சாந்தி,

எட்டு மாதமாக உனக்குப் பதில் போடவில்லை. வேலை, முதுகுவலி, சோம்பல், எதை வேண்டுமானாலும் முதலில் வைத்துக்கொள். பானு நலம், இன்னும் யார் சொல்லையும் கேட்பதில்லை. சரி, விஷயம் இதுதான்: வெளிச்சத்தால் எதையும் தள்ள முடியுமா என்று உன் நீலப் பேனாவைப் பணயம் வைத்தோமே, அந்தப் பந்தயத்தில் நீ தோற்றுவிட்டாய்.

ஹாஸ்டல் மொட்டை மாடியில் டார்ச்சை அடித்து, "எங்கே, இந்த வெளிச்சத்தை ஒரு கொசுவைத் தள்ளச் சொல்" என்றாயே? போன வாரம் பி சிக்னி என்ற விண்மீனின் நிறமாலையை (அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பதிவு) நானே எடுத்தேன். மூன்று இரவு மேகம், நாலாவது இரவு கிடைத்தது. ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு கோபுரம் மாதிரி எழும்பி நிற்கிறது; அதன் நீலப் பக்கம் ஒட்டினாற்போல் ஒரு சின்னப் பள்ளம். விண்மீனுக்கும் நமக்கும் நடுவே, நம்மை நோக்கி நொடிக்குச் சுமார் 200 கிலோமீட்டரில் வரும் வாயு அது, விண்மீன் வீசும் காற்று. 1600-இல் திடீரென்று பிரகாசித்து, டச்சு வரைபடக்காரர் பிளாவ் குறித்துவைத்தாரே, அதே ஆள்!

தள்ளுவது வெளிச்சம்தான். உள்ளிருந்து வரும் ஃபோட்டானை, அதாவது ஒளித்துகளை, ஓர் இரும்பு அயனி (எலக்ட்ரான் இழந்த அணு) விழுங்குகிறது. திருப்பி உமிழும்போது எந்தப் பக்கமும் உமிழும். கணக்கில் மிஞ்சுவது வெளிப்பக்க உந்தல். உடனே கேட்பாய் (உருளை சாரும் கேட்பார்), கீழடுக்கே அந்த அலைநீளத்தைத் தின்று தீர்த்துவிட்டால் மேலே இருப்பதற்கு என்ன மிச்சம் என்று. அங்கேதான் வேடிக்கை. அயனி வேகமெடுக்க எடுக்க, டாப்ளர் நகர்வால் (ஓடுகிறவனுக்கு ஒளியின் அலைநீளம் மாறித் தெரிவது) கீழே யாரும் தொடாத பக்கத்து அலைநீளம் அதற்குப் பொருந்திவிடுகிறது. ஓடினால்தான் தீனி, தின்றால் இன்னும் ஓட்டம். பெரும்பங்கான ஹைட்ரஜனும் ஹீலியமும் மோதல்களில் சும்மா இழுபட்டுப் போகின்றன. 1975-இல் காஸ்டர், ஆபட், கிளைன் மூவரும் இதைக் கணக்காக்கினார்கள்.

சூரியன் காற்றாக இழப்பது நொடிக்குச் சுமார் பத்து லட்சம் டன். ஓரியன் பெல்ட்டின் நடு விண்மீன் இழப்பது அதைப்போலப் பல கோடி மடங்கு. கொசுவாம்!

ஒன்று மட்டும் உறுத்துகிறது. இந்தக் காற்று சீராக வீசுவதில்லை, கட்டி கட்டியாகக் கிளம்புகிறது. கட்டிகள் கூடுதலாக ஒளிர்வதால், பழைய கணக்குகள் பல விண்மீன்களின் இழப்பை இரண்டு மூன்று மடங்கு மிகையாகச் சொல்லிவிட்டன. சின்னப் பிழையா இது? விண்மீன் செத்தபின் கடைசியில் நியூட்ரான் விண்மீனா, கருந்துளையா என்பதே மிஞ்சும் நிறையைப் பொறுத்ததுதானே. அந்தப் பழைய எண்களை வைத்து நான் இரண்டு வருடம் பாடம் எடுத்திருக்கிறேன், சாந்தி. அந்தப் பிள்ளைகளை இப்போது எங்கே போய்த் தேடுவது?

அப்புறம், அந்த நீலப் பேனா. மை தீர்ந்திருந்தாலும் பரவாயில்லை, அனுப்பு.

உன்,
வசந்தி