மெயில் திறக்காத பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

காலாண்டு மதிப்பெண்ணை மெயிலில் அனுப்பியிருந்தோம். "பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறேன் சார், கம்ப்யூட்டர் ஏத்துக்க மாட்டேங்குது" என்று பலர் சொல்கிறீர்கள். மண்டியிலும் மாங்கூழ் ஆலை அலுவலகத்திலும் தண்டர்பேர்டு, பழைய அவுட்லுக் போன்ற மெயில் மென்பொருள் வழியாக ஜிமெயில் பார்ப்பவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல். போனில் பார்ப்பவர்கள் கடைசி இரண்டு பத்திகளைப் படித்தால் போதும்.

தவறு உங்களுடையது இல்லை. இதுபோன்ற மென்பொருளில் வெறும் பாஸ்வேர்டைப் போட்டு நுழைவதைத் தனிநபர் கணக்குகளுக்கு கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்தத் தொடங்கியது. இப்போது மென்பொருள் கூகுளின் சொந்தப் பக்கத்தைத் திறக்கும். அங்கே நுழைந்து அனுமதி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

தண்டர்பேர்டில் கணக்கு அமைப்புகளுக்குப் போய், சர்வர் பகுதியில் 'ஆத்தென்டிகேஷன் மெத்தட்' என்று இருக்கும் இடத்தில் 'ஓஆத்2' (மேலே சொன்ன, கூகுள் பக்கத்தில் அனுமதி கொடுக்கும் முறை) என்பதைத் தேர்ந்தெடுங்கள். வரும் மெயிலுக்கு ஐமேப், போர்ட் 993. போகும் மெயிலுக்கு எஸ்எம்டிபி, போர்ட் 465. இரண்டுக்கும் எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்பு இணைப்பு. பெரும்பாலும் வரும் பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு எழுந்துவிடுகிறோம். அப்புறம் எங்கள் மெயில் வரும், உங்கள் பதில் மட்டும் போகாது. ஆகவே 'அவுட்கோயிங் சர்வர்' பகுதியிலும் ஓஆத்2 வைத்துவிடுங்கள்.

பழைய அவுட்லுக்கில் இந்த வசதி இல்லையென்றால், கூகுள் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்பது) போட்டபின் 16 எழுத்து 'ஆப் பாஸ்வேர்டு' ஒன்று வாங்கலாம். வழக்கமான பாஸ்வேர்டுக்குப் பதிலாக அதைப் போட வேண்டும். கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் அது செல்லாது, புதிதாக எடுக்க வேண்டும். என்னைக் கேட்டால், புதிய தண்டர்பேர்டை இலவசமாக இறக்கிக்கொள்வதே சுலபம்.

எனக்குப் பெரிய கவலை சிம் கார்டுதான். ஓசூர், பெங்களூரு என்று வேலைக்குப் போகிறவர்கள் எண்ணை மாற்றிவிடுகிறீர்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் சில மாதங்களில் வேறொருவர் கைக்குப் போய்விடும், உங்கள் ஓடிபியும் அவருக்கே போகும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் நீட், உதவித்தொகை விண்ணப்பங்கள் எல்லாம் இதே மெயிலில்தான் இருக்கின்றன. எண் மாறினால் அன்றே கூகுள் கணக்கிலும் மாற்றுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டவர்கள் அங்கேயே 10 மாற்றுக் குறியீடுகள் எடுக்கலாம். அவற்றைத் தாளில் எழுதி ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள். போன் கையில் இல்லாதபோது உதவும், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். பிரவுசிங் சென்டரில் கேட்கிறார்கள் என்று ஓடிபியை வாய்விட்டுச் சொல்லாதீர்கள்.

தாங்களாகச் செய்ய முடியாதவர்கள் சனிக்கிழமை காலை பள்ளிக் கணினி ஆய்வகத்துக்கு வாருங்கள். லேப்டாப் இருந்தால் அதையும், கணக்கில் பதிந்த எண் இருக்கும் போனையும் கொண்டு வாருங்கள். ஆசிரியர் பக்கத்தில் நின்று சொல்லித் தருவார். பாஸ்வேர்டை அவரிடமும் சொல்ல வேண்டாம், நீங்களே தட்டுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
கிருஷ்ணகிரி