செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: திருப்பூர் சிறு பின்னலாடை ஏற்றுமதியாளர்கள்

மதிப்பிற்குரிய தலைவர், நிர்வாகக் குழுவினர், உறுப்பினர் பெருமக்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையை 2025 செப்டம்பர் பொதுக்குழுவில் சமர்ப்பிக்கிறேன். மார்ச்சுக்குப் பிறகு நடந்தவைதான் இன்று நம் எல்லோர் மனதிலும் இருப்பதால் அவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதம், 27 முதல் இன்னொரு 25 சதவீதம் எனக் கூடுதல் வரி போட்டுவிட்டது. பருத்தி டி-ஷர்ட்டுக்கு ஏற்கெனவே உள்ள 16.5 சதவீதத்தையும் சேர்த்தால் மொத்தம் 66.5. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் கூடுதல் வரி 20தான். பையர், அதாவது நம்மிடம் ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனம், கேட்கும் தள்ளுபடியைக் கொடுத்தாவது ஆர்டரைப் பிடித்து வைக்கலாமா என்று பலர் கேட்டீர்கள். தையல் கூலிக்கே கட்டாத விலைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பது குழுவின் கருத்து. தீபாவளி போனஸ் நெருங்கும் வேளையில் இந்த அடி விழுந்திருக்கிறது. பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைத்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலிக்கு, தைப்பவர்களின் வீட்டில்தான் அது முதலில் தெரியும். பருத்தி மீதான 11 சதவீத இறக்குமதி வரியை மத்திய அரசு 2025 டிசம்பர் 31 வரை நீக்கியிருப்பது ஓரளவு ஆறுதல்.

2025 ஜூலை 24 அன்று பிரிட்டனுடன் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆயத்த ஆடைக்கு அங்கே 12 சதவீதம் வரை இருக்கும் வரி, ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் பூஜ்யமாகும். வங்கதேசச் சரக்கு ஏற்கெனவே வரியில்லாமல்தான் அங்கே போகிறது. இத்தனை ஆண்டுகள் நாம் அந்தச் சுமையோடுதான் போட்டி போட்டோம்.

ஆனால் கையில் இருக்கும் ஒப்பந்தங்களையே நாம் முழுதாகப் பயன்படுத்தவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம். ஐக்கிய அரபு அமீரக ஒப்பந்தம் 2022 மே 1 முதலும், ஆஸ்திரேலிய ஒப்பந்தம் அதே ஆண்டு டிசம்பர் 29 முதலும் அமலில் உள்ளன. நம் உறுப்பினர் ஒருவர் துபாய்க்குத் தொடர்ந்து நைட்டி அனுப்புகிறார். அங்கே அவருடைய பையர் ஒவ்வொரு முறையும் 5 சதவீத வரி கட்டிவந்தார். ஒப்பந்தத்தின் வரிச் சலுகைக்குத் தேவையான, சரக்கு இந்தியாவில் உருவானது என்று காட்டும் பிறப்பிடச் சான்றிதழை இங்கே யாரும் எடுக்கவில்லை, அங்கே யாரும் கேட்கவும் இல்லை. சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து இணையத்தில் விண்ணப்பித்துச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தோம். அடுத்த ஆர்டருக்கு விலை பேசும்போது அந்த 5 சதவீதமும் பேச்சில் வந்தது.

இந்தியாவிலிருந்து கப்பலேறியதால் மட்டும் சலுகை கிடைத்துவிடாது. அந்த ஒப்பந்தத்தின் விதிப்படி சரக்கு இந்தியப் பொருள்தான் என்று நிரூபிக்க வேண்டும், அந்த விதியும் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். நூல், அதைத் துணியாக்கும் நிட்டிங், சாயமேற்றும் டையிங், தையல் எல்லாம் நம் பகுதியிலேயே முடியும் பருத்தி ஆடைக்கு இதில் பெரிய சிக்கல் இல்லை. சீனத் துணி வாங்கித் தைக்கும் பாலியெஸ்டர் ஆடைக்குத்தான் ஆர்டர் எடுக்கும் முன்பே விதியைப் பார்த்தாக வேண்டும். நூல் பில், வெளியே கூலிக்குக் கொடுத்த வேலைக்கான ஜாப் ஒர்க் சலான், டையிங் பில் எல்லாவற்றையும் ஆர்டர் வாரியாகக் கோப்பில் வையுங்கள். ஏற்றுமதியாளரே சுயசான்று தரும் முறை பிரிட்டன் ஒப்பந்தத்தில் உண்டு. அதில் கையெழுத்துப் போடுபவர் நாம், பிறகு கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் நாமே.

ஆண்டில் நடத்திய பயிற்சி வகுப்புகளில் இந்தச் சான்றிதழ் விதிகளுக்கே அதிக நேரம் ஒதுக்கினோம். ஐ.இ.சி. எனும் ஏற்றுமதி இறக்குமதிப் பதிவு எண்ணின் விவரங்களில் மாற்றம் இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் புதுப்பிக்க வேண்டும், தவறினால் எண் முடங்கிவிடும். ஜி.எஸ்.டி. கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழிக் கடிதமான எல்.யு.டி.யும் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகத் தர வேண்டும். இவை இரண்டையும் நினைவூட்டி மார்ச் கடைசியிலேயே வாட்ஸ்அப் குழுவில் செய்தி வரும்.

ஏற்றுமதிக் கடனுக்கான வட்டி மானியத் திட்டம் 2024 டிசம்பர் 31 உடன் நின்றுபோனது. பெரிய நிறுவனங்கள் தாங்கிக்கொள்ளும், வங்கிக் கடனில் நூல் வாங்கும் சிறு யூனிட் தாங்காது. அதை மீண்டும் கொண்டுவரவும், 2026 மார்ச் 31 அன்று முடியும் ஏற்றுமதி ஆடையின் விலையில் அடங்கிய மாநில, மத்திய வரிகளைத் திருப்பித் தரும் திட்டத்தை நீட்டிக்கவும் கோரும் இரு தீர்மானங்களை இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் அலுவலகத்தில் செலுத்தலாம். இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்