காரியதரிசி அவர்களே, மாடி அறைச் சாவி யாரிடம்?

மதிப்பிற்குரிய சபா காரியதரிசி அவர்களுக்கு,

வணக்கம். இதற்கு முன் மூன்று கடிதங்கள் எழுதினோம். முதலாவதற்கு ‘ஆவன செய்யப்படும்’ என்று ஒரு வரி வந்தது. இரண்டாவதற்கு அதுவும் வரவில்லை. மூன்றாவதை நேரில் கொண்டுவந்து கொடுத்தபோது, வாங்கிக்கொண்டவர் அதன் மேலேயே காப்பித் தம்ளரை வைத்தார். அதனால் இந்த நான்காவதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். விஷயம் உங்களுக்குப் புதிதல்ல. பழைய கச்சேரி டேப்புகளை வைத்திருக்கும் இரண்டாம் மாடி ஒலிப்பதிவு அறையைத் திறந்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

மாதம் தவறாமல் இரண்டாவது ஞாயிறு காலையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மயிலாப்பூரில் ஒரு வீட்டுக் கூடத்தில் கூடுவதை நீங்கள் அறிவீர்கள். ஒருமுறை வந்து கேசரி சாப்பிட்டுவிட்டும் போயிருக்கிறீர்கள். எங்களுக்குள் ஒரே விதிதான். அந்த மாதம் எந்தப் பதிவில் மூழ்கிக் கிடந்தோமோ அதைக் கொண்டுவந்து போட வேண்டும். ஏன் பிடித்தது என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். இரண்டு வார்த்தையில் யாரும் நிறுத்தியதில்லை என்பது வேறு விஷயம்.

போன முறை, வங்கியில் ஓய்வுபெற்ற அம்மாள் ஒருவர் பிருந்தா–முக்தா சகோதரிகள் பாடிய, க்ஷேத்ரக்ஞர் இயற்றிய தெலுங்குப் பதம் ஒன்றைப் போட்டார். மூன்று வாரமாக வீட்டில் வேறெதுவும் ஓடவில்லையாம். “இரண்டு குரலும் சேரும் இடத்தில் தையல் தெரிகிறதா, பாருங்கள்” என்றார். இன்னொருவர் நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராக இசைத்தட்டைக் கொண்டுவந்தார். மணிக்கணக்கில் தோடி வாசிப்பார் என்று பெயர்பெற்றவர், 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடச் சொச்சத்துக்குள் அடைபட்டிருக்கிறார், அடைபட்டும் திமிறுகிறார். பழைய மகாபலிபுரம் சாலையில் கணினி வேலை பார்க்கும் பையன், கிளென் கூல்ட் பியானோவில் வாசித்த பாஹின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை இரண்டு பதிவுகளாகக் கொண்டுவந்தான். 1955-இல் வாசித்தது 38 நிமிடம். 1981-இல் அதையே வாசித்தது 51 நிமிடம். மேல்நாட்டுச் சங்கீதம் என்று முகம் சுளிப்பார்களோ என்று பயந்தேன். யாரும் அசையவில்லை. முடிந்ததும் எங்கள் பெரியவர்தான் பேசினார்: “அதே மனிதர், அதே உருப்படி. நடுவில் இருபத்தாறு வருஷம். இப்படிப் பக்கத்தில் வைத்துக் கேட்டால்தானே தெரிகிறது?”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எதை நினைத்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

அவருக்கு இப்போது 86 வயது. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த நாளில் கடன் வாங்கி ஒரு க்ரண்டிக் டேப் ரெகார்டர் வாங்கினார். கச்சேரி கச்சேரியாக அதைத் தூக்கிக்கொண்டு அலைந்து, வித்வான்களிடம் அனுமதி கேட்டு, மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து பதிவு செய்தவர். ஏழு அங்குல ஸ்பூல், 1200 அடி டேப், ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம். பக்கத்தைத் திருப்பி மாட்டும் இரண்டு நிமிடம் பதிவாகாது. பலர், மிருதங்கம் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது திருப்பிக்கொள்வார்கள்; கூட்டமும் அப்போதுதான் காப்பிக்கு எழுந்து போகும். இவர் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டு, தனி தொடங்குவதற்கு முன்பே திருப்பிவிடுவார். “பாலக்காட்டு மணி ஐயர் வாசிக்கும்போது நான் டேப்பைத் திருப்பிக்கொண்டிருந்தால் அது என்ன மரியாதை?” என்பார். அப்படிச் சேர்த்த 143 ஸ்பூல்களை, தன் காலத்துக்குப் பிறகு வீட்டில் யாரும் சீந்தமாட்டார்கள் என்று நினைத்து, நம்பி உங்களிடம் கொடுத்தார். நீங்கள் பொன்னாடை போர்த்திப் புகைப்படம் எடுத்துக்கொண்டீர்கள். அன்று முதல் இன்று வரை அவற்றில் ஒன்றைக்கூட அவர் கேட்டதில்லை. பொன்னாடைக்குப் பதில் ஒரு சாவியைக் கொடுத்திருக்கலாம்.

அவர் கேட்பது பெட்டி எண் 61. யார் கச்சேரி, எந்த ஊர் என்றெல்லாம் மூன்று கடிதங்களிலும் எழுதிவிட்டோம். அதில் இருப்பது காம்போதி ராகத்தில் ராகம் தானம் பல்லவி என்ற நீண்ட உருப்படி. அதில் ராகமாலிகையாக, அதாவது ராகம் மாறி மாறி, வரும் ஸ்வரங்களில் மூன்றாவது ராகம் சகானாவா, சுருட்டியா? இதில் அவருக்கும் இன்னோர் அன்பருக்கும் மூன்று ஆண்டுகளாக வழக்கு நடக்கிறது. இரண்டும் குழம்பக்கூடிய ராகங்களா என்று சிரிக்காதீர்கள். காதில் விழும்போது குழம்பாது. அறுபது ஆண்டு கழித்து நினைத்துப் பார்க்கும்போது குழம்பும். தீர்ப்பு உங்கள் மாடியில் இருக்கிறது.

போன மாதம் அவரை ஆட்டோவில் அழைத்துக்கொண்டு வந்தேன். முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி, ‘பத்து மணிக்கு வாருங்கள்’ என்ற பதிலையும் வாங்கியிருந்தேன். லிப்ட் முதல் மாடியோடு நின்றுவிடுகிறது. மிச்சப் படிகளை அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு படிக்கு ஒருமுறை நின்று, ஏறினார். அறை பூட்டியிருந்தது. காவலாளி நல்ல மனிதர். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டு, “சாவி காரியதரிசி சாரிடம் இருக்கிறது, சார் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்” என்றார். பன்னிரண்டேகால் வரை உட்கார்ந்திருந்தோம். காதுக் கருவியின் பாட்டரி தீர்ந்துவிடக்கூடாது என்று பெரியவர் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதனால் காத்திருந்த நேரமெல்லாம் பேச்சும் இல்லை.

கிளம்புவதற்கு முன் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். ஸ்பூல்கள் இருந்த இரும்பு பீரோவில் இப்போது கேடயங்களும் சால்வைகளும் இருக்கின்றன. ஸ்பூல் பெட்டிகள் தரையில் கிடந்தன. அவற்றின் மேல் போன சீசனின் விளம்பரப் பதாகைச் சுருள். ஜன்னல் கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க ஒரு பெட்டியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அதன் முதுகில் நீல மையில் பெரியவரின் கையெழுத்து. என்ன எண் என்று நான் சொல்லப் போவதில்லை, போய்ப் பாருங்கள். அவர் கோபப்படவில்லை. கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு காவலாளியிடம், “ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்கள், சாரல் அடிக்கும்” என்று மட்டும் சொன்னார்.

சாரல் மட்டுமா? நம் ஊர்க் காற்றே போதும். டேப்பின் மேல் காந்தத் துகளை ஒட்டவைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிட்டால், ஓட்டும்போது பழுப்புப் பொடியாக உதிர்ந்து, டேப் கருவியின் தலைமுனையில் அப்பிக்கொள்ளும். உதிர்வது பொடியல்ல, பாட்டு. பிற்கால பாலியெஸ்டர் டேப்பென்றால், ஐம்பது டிகிரி அளவுச் சூட்டில் மணிக்கணக்காக வைத்து ஈரத்தைப் போக்கி, ஒருமுறை ஓட்டிப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். அசிடேட் டேப்புக்கு அந்த வைத்தியமும் ஆகாது. அது காடி வாடை வீசத் தொடங்கினால் பக்கத்திலிருப்பதையும் சேர்த்துக் கெடுக்கும். அன்று ஜன்னலருகே எங்களுக்கு அந்த வாடை அடித்தது. அறையைத் திறந்தால் உங்களுக்கும் அடிக்கும்.

“எல்லாம்தான் யூடியூபில் கிடைக்கிறதே” என்று நீங்கள் ஒருவரிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கிடைக்கிறது; நாங்களும் நாள் முழுவதும் அதில்தான் கிடக்கிறோம். ஆனால் அங்கே பாதிக் கச்சேரிகளில் பக்கவாத்தியம் யாரென்று தெரியாது. ஆலாபனையை வெட்டிவிட்டுக் கிருதியை மட்டும் போட்டிருப்பார்கள். பிரதி எடுத்தபோது டேப் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு வேகமாக ஓடியிருந்தால் போதும், சுருதி ஒரு கட்டை ஏறிவிடும். நாற்பது வயது வித்வான் பத்து வயதுப் பையன் குரலில் அவசர அவசரமாகப் பாடுவார். கீழே நூறு பேர் ‘ஆஹா, என்ன துரிதம்’ என்று எழுதியிருப்பார்கள். மூல ஸ்பூல் இருந்தால்தான் எது நிஜம் என்று சொல்ல முடியும்.

காப்புரிமை என்றும் ஒரு காரணம் சொன்னீர்கள். வெளியிடப்பட்ட இசைத்தட்டுக்கு 60 ஆண்டுகள் என்று சட்டம் சொல்வது எங்களுக்கும் தெரியும். நாங்கள் பிரதி கேட்கவில்லை, விற்கவும் போவதில்லை. பதிவு செய்த மனிதரே, நீங்கள் போடும் நாற்காலியில், உங்கள் கண் முன்னால் உட்கார்ந்து ஒருமுறை கேட்பதற்கு அனுமதி கேட்கிறோம். மியூசிக் அகாடமியில் கணினித் திரையைத் தொட்டுப் பழைய கச்சேரிகளைக் கேட்பதற்கென்றே ஓர் அறை வைத்திருக்கிறார்கள். அவ்வளவு ஏற்பாடு உங்களிடம் எதிர்பார்க்கவில்லை. ஒரு பூட்டைத் திறக்கத்தான் சொல்கிறோம்.

மார்கழியில் காண்டீனுக்குப் பூட்டு ஏது? விடியற்காலையிலேயே பொங்கல் மணம் தெருமுனை வரை வருகிறது. இன்று என்ன வடை என்று அறிவிப்புப் பலகையில் எழுதிவிடுகிறீர்கள். இரண்டாம் மாடியில் என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு பட்டியல் உண்டா? மேடையில் புரவலர்களைப் பாராட்டி நாற்பது நிமிடம் பேசுகிறார்கள், பிறகு பாடகரைப் பார்த்து ‘நேரமாகிறது’ என்று சீட்டு அனுப்புகிறார்கள். போன சீசனில் ஒரு பெண்மணி பைரவியை விஸ்தாரமாகத் தொடங்கிவிட்டுச் சீட்டைப் படித்ததும், ஒரு வரியை எடுத்து விரித்துப் பாடும் நிரவல் இல்லாமலே முடித்தார். ஒலிபெருக்கியைப் பற்றிப் பேசவே வேண்டாம். முதல் வரிசையில் உட்கார்ந்தால் மிருதங்கம் நெஞ்சில் இடிக்கிறது. மைக்கே வேண்டாமென்று பிடிவாதம் பிடித்த பாலக்காட்டு மணி ஐயரின் கச்சேரிகளும் அந்தப் பெட்டிகளில் இருக்கின்றன. அவற்றைக் கேட்டால் உங்கள் ஒலிக்காரருக்கும் பயன்படும்.

மன்னிக்கவும். காண்டீனைப் பற்றி எழுத உட்காரவில்லை. அங்கே வடை நன்றாகவே இருக்கிறது.

எங்கள் வேண்டுகோளைத் திரும்பவும் பணிவோடு சொல்கிறேன். மாடி அறையை வாரத்தில் ஒரு நாள் காலை இரண்டு மணி நேரமாவது திறந்துவிடுங்கள். ஓடும் நிலையிலுள்ள ஸ்பூல் கருவி எங்களில் ஒருவரிடம் இருக்கிறது, நாங்களே தூக்கிவருகிறோம். பெட்டிகளைத் துடைத்து, பெயர் எழுதி, பட்டியல் போடுகிற வேலையையும் செய்து தருகிறோம்; அந்தப் பையன் கணினியில் ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். சபாவுக்குக் காலணாச் செலவில்லை. வேண்டுமானால் பீரோவையும் நாங்களே வாங்கித் தருகிறோம், கேடயங்களுக்கு.

வருகிற இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு நான்கு பேர் வருகிறோம். பெரியவரும் வருகிறார், காதுக் கருவிக்குப் புது பாட்டரி வாங்கி வைத்திருக்கிறார். அன்று கல்யாணம் ஏதாவது இருந்தால் சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். இரண்டாம் மாடிக்குப் போகும் படியில் விளக்கு எரிவதில்லை. அதையும் தயவுசெய்து பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இரண்டாவது ஞாயிறு கூடிக் கேட்பவர்கள் சார்பில்,
தங்கள் ஆயுள் உறுப்பினன் ஒருவன்,
மயிலாப்பூர், சென்னை