4 அங்குலக் குழாயில் 400 கன அடிக் காற்று

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: உட்புற வளர்ப்புக் கூடாரத் தொகுப்பின் காற்றோட்டமும் விளக்கைக் குளிர்விக்கும் ஏற்பாடும் வாக்களித்தபடி இயங்காதது குறித்தும், பாகங்களை மாற்றித் தரக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கூடாரத்துக்குள் சூடு அதிகம் என்ற என் புகாருக்குத் தங்கள் பிரிவிலிருந்து மூன்றாவது பதில் வந்து சேர்ந்தது. முதல் இரண்டிலும் இருந்த அதே இரண்டு வரிகள்தான் இதிலும்: கூடாரம் இருக்கும் அறையைக் குளிரூட்ட வேண்டுமாம், அதுவும் போதாவிட்டால் கூடாரத்தின் கதவைத் திறந்து வைக்க வேண்டுமாம். திறந்தே வைக்க வேண்டிய கதவுக்கு ஜிப் எதற்கு என்று கேட்க நினைத்தேன். அதை விட்டுவிட்டு, தெர்மாமீட்டரும் காற்று வேகமானியும் கையுமாகப் பத்து நாள் உட்கார்ந்து அளந்ததை இங்கே எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால், பதில் எழுதுபவரிடம் மட்டுமல்லாமல் இந்தத் தொகுப்பை வடிவமைத்தவரிடமும் இதைக் காட்டுங்கள்.

நான் வாங்கியது 120 செ.மீ. நீளம், 120 செ.மீ. அகலம், 200 செ.மீ. உயரமுள்ள கூடாரம். அதனுடன் 600 வாட் சோடியம் விளக்கு, கண்ணாடி மூடிய ரிஃப்ளெக்டர் (விளக்கின் ஒளியைக் கீழே திருப்பும் உலோகக் கூடு), மின்விசிறி, கார்பன் ஃபில்டர் (வெளியேறும் காற்றின் வாடையை நீக்குவது), அலுமினியக் குழாய், டைமர் பெட்டி எல்லாம் ஒரே தொகுப்பாக வந்தன. தனித்தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்ளத் தெரியாதவன் அல்ல நான். 'ஒன்றுக்கொன்று பொருந்துமாறு தேர்ந்தெடுத்த பாகங்கள்' என்று பெட்டியின் மேலேயே அச்சிட்டிருந்ததை நம்பி வாங்கினேன். என் புகார் முழுவதும் அந்த ஒரு வரியைப் பற்றியதுதான்.

உள்ளே நான்கு தக்காளிச் செடிகளும் ஒரு தட்டு நிறையத் திருநீற்றுப்பச்சிலை நாற்றுகளும் வைத்தேன். தங்கள் கையேட்டில் உள்ள வரைபடத்தின்படியே, ஒரு திருகைக்கூட மாற்றாமல் எல்லாவற்றையும் மாட்டினேன். அறையில் 27 டிகிரி செல்சியஸ். விளக்கைப் போட்டு இரண்டு மணி நேரம் கழித்து இலைகளின் மட்டத்தில் 38 டிகிரி. தெர்மாமீட்டரின் மேல் நேரடியாக வெளிச்சம் விழுந்தால் கூடுதலாகக் காட்டும் என்பது தெரியும். அதனால் அதற்கு அட்டையால் ஒரு நிழல் கட்டியே அளந்தேன். 'அறை வெப்பநிலையைவிட 3 டிகிரிக்கு மேல் போகாது' என்பது தங்கள் பெட்டியின் பக்கவாட்டில் உள்ள வாசகம்.

இரண்டாம் வாரம் தக்காளியில் முதல் பூங்கொத்து வந்தது. பூக்காம்பின் நடுவில் முழங்கை போல ஒரு கணு இருக்குமே, அந்த இடம் மஞ்சளாகி, விரல் பட்டதும் பூ கழன்று கையோடு வந்தது. ஒரே கொத்தில் ஏழு பூக்கள், ஏழும் போயின. இலைகளின் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு தொன்னை போல ஆகிவிட்டது. பகலில் 32 டிகிரியைத் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் கெடத் தொடங்கும், பூ உதிரும். வளர்ப்புக் கூடாரம் விற்கும் நிறுவனத்துக்கு இதைச் சொல்ல வேண்டியிருப்பதே எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

இனி அந்த 38 எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்கலாம்.

விளக்கு இழுக்கும் 600 வாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் முடியும். ஒளியாகப் போவதும் இலையிலும் சுவரிலும் பட்டு வெப்பமாகிவிடும். செடி தன் வளர்ச்சிக்கு எடுத்துக்கொள்வது மிகச் சிறிய பங்கு. ஆகவே ரிஃப்ளெக்டருக்குள் காற்றைச் செலுத்தினால் 'விளக்கின் வெப்பம் முழுவதும் வெளியேறிவிடும்' என்று கையேட்டில் எழுதியிருப்பதே தவறு. விளக்கையும் உலோகக் கூட்டையும் தொட்டுச் செல்லும் காற்று, அவற்றின் சூட்டை மட்டுமே அள்ளிச் செல்லும். கண்ணாடி வழியே கீழே இறங்கும் கதிர்வீச்சை அதனால் தடுக்க முடியாது. அந்த மிச்ச வெப்பத்தையும் வெளியேற்ற வேண்டுமானால், கூடாரத்துக்குள் இருக்கும் காற்று மொத்தமும் போதிய வேகத்தில் மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

எவ்வளவு வேகம் என்பது எளிய கணக்குதான். 600 வாட் வெப்பத்தை ஏற்றுக்கொண்டும் காற்று 3 டிகிரிக்கு மேல் சூடாகாமல் இருக்க, மணிக்கு ஏறத்தாழ 600 கன மீட்டர் காற்று வெளியேற வேண்டும். அதாவது நிமிடத்துக்கு 350 கன அடி. தங்கள் மின்விசிறியின் மேல் 400 கன அடி என்று ஒட்டியிருக்கிறது. காகிதத்தில் கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் குழாயின் வாயில் வரவில்லை.

வெளியேறும் குழாயின் வாயில் ஐந்து இடங்களில் வேகத்தை அளந்து சராசரி எடுத்தேன். விநாடிக்கு 6.1 மீட்டர். 4 அங்குலக் குழாய்க்கு அது நிமிடத்துக்குச் சுமார் 105 கன அடி. பெட்டியில் சொன்னதில் கால் பங்குக்குச் சற்று மேல். இந்த 105-ஐ வைத்து மேற்படி கணக்கைத் திருப்பிப் போட்டால், காற்று சுமார் 10 டிகிரி சூடாக வேண்டும். 27-உடன் 10 சேர்த்தால் 37. மிச்சமிருக்கும் ஒரு டிகிரிக்கு உரியவர் பல்லாஸ்ட், அதாவது விளக்குக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி. அதைப் பிறகு சொல்கிறேன்.

400 எப்படி 105 ஆயிற்று? 400 என்பது மின்விசிறியின் முன்னும் பின்னும் எதையும் மாட்டாமல், வெறுமனே சுழலவிட்டு அளந்த எண். ஃபில்டர், குழாய், வளைவு என்று ஒவ்வொன்றாகச் சேரச் சேர எதிர்ப்பழுத்தம் கூடி, காற்று குறையும். இது எல்லா நிறுவனத்து விசிறிக்கும் பொருந்தும். தங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மின்விசிறியின் வாயும் ரிஃப்ளெக்டரின் வாயும் 6 அங்குலமாக இருக்கும்போது, ஃபில்டரையும் குழாயையும் மட்டும் 4 அங்குலத்தில் கொடுத்து, இடையில் புனல் போன்ற இணைப்புகளைச் செருகியது யாருடைய யோசனை? 4 அங்குல வாயின் பரப்பு 6 அங்குல வாயின் பரப்பில் 44 சதவீதம்தான். எஞ்சிய 56 சதவீதத்தையும் தொகுப்பிலேயே அடைத்துவிட்டு, அறையைக் குளிரூட்டச் சொல்கிறீர்கள்.

அடுத்தது வரைபடம். ஃபில்டர், அதன் பின் மின்விசிறி, அதன் பின் ரிஃப்ளெக்டர், பிறகு வெளியே செல்லும் குழாய் என்பது தங்கள் வரிசை. இதில் மின்விசிறி ரிஃப்ளெக்டருக்குள் காற்றைத் தள்ளுகிறது. கூட்டில் எங்கே சிறு இடைவெளி இருந்தாலும் சூடான காற்று அதன் வழியே கூடாரத்துக்குள்ளேயே பீய்ச்சும். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி ரிஃப்ளெக்டரின் கண்ணாடி ஓரமாக மெல்ல நகர்த்திப் பார்த்தேன். மூன்று பக்கம் புகை நேராக எழுந்தது. நான்காவது பக்கம், கீலுக்கு அருகே, யாரோ வாயால் ஊதியது போலப் புகை பக்கவாட்டில் தெறித்து ஓடியது. அங்கே இடைவெளியை அடைக்கும் ரப்பர் கேஸ்கெட் ஒரு விரற்கடை அளவுக்குக் குறைவாக வெட்டப்பட்டிருக்கிறது. கையை வைத்தால் முடி உலர்த்தும் கருவியின் முன்னால் வைத்தது போலச் சுடுகிறது. அதற்கு நேர் கீழே இருந்த செடிதான் முதலில் பூவை உதிர்த்தது.

ரிஃப்ளெக்டரை நடுவில் வைத்து மின்விசிறியைக் கடைசியில் மாட்டினால் அது காற்றை இழுக்கும். அப்போது இடைவெளி இருந்தாலும் கூடாரத்துக் காற்று ரிஃப்ளெக்டருக்குள் போகுமே தவிர, சூடு வெளியே வராது. சூடான காற்று மோட்டார் வழியாகப் போகும் என்பது மட்டுமே இதிலுள்ள குறை; அந்த வெப்பத்தைத் தாங்கும் என்று மோட்டாரின் மேலேயே குறிப்பிட்டிருக்கிறீர்கள்.

காற்று உள்ளே வரும் வழியும் குறுகல்தான். கீழே 15 செ.மீ. சதுரத்தில் ஒரே ஒரு திறப்பு, அதிலும் நெருக்கமான வலை. விசிறியில்லாமல் தானாகக் காற்று நுழையும் திறப்பு, மின்விசிறியின் 6 அங்குல வாயைப்போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். கதவின் ஜிப்பை ஒரு சாண் திறந்ததும் வெளியேறும் வேகம் 6.1-இலிருந்து 6.6-க்கு ஏறியது. கதவைத் திறக்கச் சொன்ன தங்கள் ஊழியருக்கு இது தெரிந்திருக்கலாம். ஆனால் மேலே திறந்த கதவு வழியாக வரும் காற்று, செடிகளைத் தொடாமல் நேரே ஃபில்டருக்குப் போய்விடுகிறது. 600 வாட் வெளிச்சம் அறை முழுவதும் கொட்டுவது வேறு.

பல்லாஸ்ட் விஷயம் இது. அதுவும் சூடாகும் பொருள்தான். கூடாரத்துக்கு வெளியே வைக்க வேண்டியது. கையேடும் அப்படித்தான் சொல்கிறது. விளக்கையும் பல்லாஸ்டையும் இணைக்கும் வயரோ, வெளியே எட்டாத நீளத்தில் இருக்கிறது. அதனால் பல்லாஸ்ட் உள்ளேயே கிடந்தது. கையேட்டை எழுதியவரும் வயரை வெட்டியவரும் ஒருமுறையாவது சந்தித்துக்கொண்டால் நல்லது.

டைமர் பெட்டியைப் பற்றித் தங்கள் பதில்கள் எதிலும் ஒரு சொல்கூட இல்லை. விளக்குக்கும் மின்விசிறிக்கும் அதில் ஒரே டைமர். விளக்கு அணையும் அதே நொடியில் மின்விசிறியும் நின்றுவிடுகிறது. விளக்கில் தேங்கிய சூடு வெளியேற வழியில்லை. அது ஒரு மணி நேரத்துச் சிக்கல். பெரிய சிக்கல் அதற்குப் பிறகுதான். காற்று குளிரக் குளிர, செடிகளும் ஈர மண்ணும் விட்ட நீராவி உள்ளேயே நிற்கிறது. பகலில் 62 சதவீதமாக இருந்த ஈரப்பதம், விளக்கணைந்த இரண்டு மணி நேரத்தில் 91 ஆகிவிட்டது. காலையில் ஜிப்பைத் திறந்தால் உட்சுவரில் நீர் வழிந்து கோடு போட்டிருந்தது. பத்தாவது நாள் திருநீற்றுப்பச்சிலைத் தட்டின் நடுவில் சாம்பல் பூஞ்சை. பகலில் வெப்பம், இரவில் பூஞ்சை. என் செடிகளுக்கு எந்த நேரமும் ஓய்வில்லை.

இவ்வளவும் ஊகம் என்று தாங்கள் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக மேலும் ஒன்று செய்தேன். நண்பர் ஒருவரிடமிருந்து 6 அங்குல ஃபில்டரையும் குழாயையும் இரவல் வாங்கினேன். ஃபில்டர், ரிஃப்ளெக்டர், மின்விசிறி என்று வரிசையை மாற்றினேன். கூடாரத்தில் பயன்படுத்தாமல் இருந்த வயர் நுழையும் துளைகளையும் காற்று வரத் திறந்துவிட்டேன். குழாயைச் சுருக்கமில்லாமல் முழுவதும் இழுத்து நீட்டி, தங்கள் படத்தில் உள்ள இரண்டு செங்கோண வளைவுகளை அகலமான ஒரே வளைவாக்கினேன். தக்க நீளமுள்ள வயர் கிடைத்ததும் பல்லாஸ்ட் வெளியே போனது. கேஸ்கெட் இடைவெளியில் வெப்பம் தாங்கும் அலுமினியப் பட்டையை ஒட்டினேன். மின்விசிறி தாங்கள் கொடுத்ததேதான், விளக்கும் அதேதான். வெளியேறும் வேகம் இப்போது 6 அங்குல வாயில் விநாடிக்கு 5.2 மீட்டர், அதாவது நிமிடத்துக்குச் சுமார் 200 கன அடி. கூடாரத்தின் துணிச்சுவர்கள் நான்கும் மூச்சை உள்ளிழுத்த வயிறு போல ஒட்டி நிற்கின்றன. அறையில் அதே 27. இலை மட்டத்தில் 32.

தக்காளிக்கு 32 என்பதும் விளிம்புதான். தாங்கள் வாக்களித்த 30 இப்போதும் வரவில்லை. ஆனாலும் அதே அறையில், அறையைக் குளிரூட்டாமல், கதவைத் திறக்காமல் 6 டிகிரி குறைந்திருக்கிறது. இதற்குப் பிறகும் பழி என் அறையின் மேல்தான் என்றால், அதை யாராவது எனக்கு எண்களோடு விளக்க வேண்டும்.

பணம் முழுவதையும் திருப்பிக் கேட்கவில்லை. விளக்கும் மின்விசிறியும் நல்ல பொருட்கள். கூடாரத்தின் தையலும் உறுதியானது. 6 அங்குல ஃபில்டரும் குழாயும், சரியாக வெட்டிய கேஸ்கெட்டும், கூடாரத்துக்கு வெளியே எட்டும் நீளத்தில் வயரும், மின்விசிறிக்குத் தனி டைமர் உள்ள பெட்டியும் என் செலவில்லாமல் அனுப்பி வையுங்கள். 4 அங்குலப் பாகங்களைத் திரும்ப எடுத்துச் செல்ல ஆள் அனுப்புங்கள். இணைப்புப் புனல்கள் உட்பட எல்லாம் அவற்றின் உறைகளில் போட்டு வைத்திருக்கிறேன். இவற்றை 15 நாட்களுக்குள் அனுப்ப இயலாவிட்டால் மட்டும், தொகுப்பு முழுவதையும் எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள்.

இனி வாங்குபவர்களுக்காக இரண்டு திருத்தங்கள். மின்விசிறியின் மேல் உள்ள 400-க்குப் பக்கத்தில், ஃபில்டரும் குழாயும் மாட்டிய நிலையில் எவ்வளவு என்பதையும் அச்சிடுங்கள். கையேட்டின் வரைபடத்தில் மின்விசிறியைக் கடைசிக்கு மாற்றுங்கள். இரண்டாவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது.

அளவுகளைக் குறித்த தாள்களின் நகல்கள், ஊதுபத்திப் புகை தெறிக்கும் படம், பில், ஆர்டர் எண், பழைய மூன்று பதில்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். இரவல் ஃபில்டரை இந்த மாதக் கடைசியில் நண்பரிடம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இரண்டாவது பூங்கொத்தில் மூன்று காய்கள், மிளகு அளவுக்கு, இப்போதுதான் பிடித்திருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்